நாலு தந்தி, நாலு கிலோ!

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய 13 வயதுப் பெண் சர்ச் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள். இப்போது திடீரென்று, "பாடினது போதும், எனக்கு பேஸ் கிடார் வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "கிடார் என்றாலாவது புரிகிறது. இது என்ன பேஸ்? இதில் தனியாக ஒரு பாட்டைக்கூட வாசித்துக் காட்ட முடியாதாமே! என் கையில் சீட்டு எடுத்த பணம் 20,000 ரூபாய் இருக்கிறது. வாங்கிக் கொடுத்து, இவள் ஆறு மாதத்தில் மூலையில் போட்டுவிட்டால், அப்புறம் இந்த வீட்டில் பெண்பிள்ளையின் ஆசைக்கென்று ஒரு ரூபாய் எடுக்க விடமாட்டார்கள். பார்த்துச் சொல்லுங்கள் அக்கா" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும், இந்த இதழுக்காக எழுதி வைத்திருந்ததைத் தள்ளி வைத்துவிட்டேன். பிள்ளைகள் வாத்தியத்தை மூலையில் போட்டால் சோம்பேறித்தனம் என்றுதான் நாம் நினைக்கிறோம். பல சமயம் கோளாறு வாத்தியத்தில் இருக்கும். தந்தி ரொம்ப உயரத்தில் நிற்கும். அழுத்தி அழுத்தி விரல் கன்றிப் போகும். அப்படியும் ஸ்வரம் சுத்தமாக வராது. குழந்தைக்கு 'வாத்தியம் சரியில்லை' என்று சொல்லத் தெரியுமா? "எனக்கு வரலேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். வீட்டிலுள்ளவர்களும் "நான் அப்பவே சொன்னேனே!" என்பார்கள். ஆகையால் முதல் வாத்தியம் வாங்கும்போது நாம் தேடவேண்டியது பளபளப்பும் பெயரும் இல்லை. பெண்ணின் கைக்கு அடங்குகிறதா, அழுத்தினால் நோகாமல் பேசுகிறதா, இது இரண்டும்தான். சங்கீதம் தெரியாத தாயாரும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டிலும் நாலு வருஷமாக ஒரு பேஸ் கிடார் இருக்கிறது, என் பெண்ணுடையது. எனக்கு வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் கொஞ்ச நாள் வீணை கற்றுக்கொண்டதால் மெட்டு, பிரடை, குதிரை என்று சொன்னால் புரியும், அவ்வளவுதான்.

முதலில் இது என்ன வஸ்து என்று பார்த்துவிடலாம். சாதாரண கிடாருக்கு ஆறு தந்தி. இதற்கு நாலுதான். கனத்ததிலிருந்து மெல்லியதுவரை இ, ஏ, டி, ஜி என்று பெயர். கிடாரின் கனமான நாலு தந்திகளும் இதே ஸ்வரங்கள்தான்; ஆனால் பேஸ் ஒரு முழு ஸ்தாயி கீழே பேசும். கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் 'கும்' என்று கொடுக்கிறதே, அந்தக் 'கும்'முக்கு ஸ்வரமும் சேர்ந்தால் எப்படியிருக்கும்? அதுதான் பேஸ். தாளத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் கட்டிப் பிடிக்கிற வேலை. தனியாகக் கேட்டால் 'இவ்வளவுதானா?' என்றிருக்கும். அது இல்லாமல் பாட்டைக் கேட்டால் உப்பில்லாத ரசம்!

இளையராஜாவின் 80-களின் பாட்டுகளைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். மேலே ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருக்க, அடியில் இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸின் வாசிப்பைக் கேட்கலாம். ஆனால் இயர்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். கனத்த இ தந்தி வினாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிரும். அத்தனை தாழ்ந்த ஒலியைத் தர, கைபேசியில் இருக்கிற துளி ஸ்பீக்கரால் முடியாது. 'அந்த கிடார் நன்றாக இருக்கிறது, இது மட்டம்' என்று வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துத் தீர்மானிப்பதில் அர்த்தமே இல்லை.

"பெண்பிள்ளைக்கு எதுக்கு இந்தத் தடிமாட்டு வாத்தியம்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அமெரிக்காவில் 1963-இல் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிக்கிறவர் வராமல் போய்விட்டார். கிடார் கலைஞரான கரோல் கே என்கிற பெண்மணி அன்றைக்கு அதைக் கையில் எடுத்தார், அப்புறம் விடவேயில்லை. பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தவர். 2025-இல் 90 வயதில் காலமானார். நம் தேசத்திலேயே மும்பைப் பெண் மோகினி டே இருக்கிறார். பேஸ் கலைஞரான அப்பாவிடம் குழந்தையிலேயே கற்று, ரஹ்மானுடன் மேடையில் வாசித்தவர்.

ஆனாலும் கனம் என்பது நியாயமான கேள்விதான். பெரும்பாலான பேஸ் கிடார்கள் மூன்றரையிலிருந்து நாலரை கிலோ வரை இருக்கும். ஐந்து நிமிஷம் தூக்கினால் ஒன்றும் தெரியாது. முக்கால் மணி நேரம் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் தெரியும்! நாலு கிலோவுக்கு மேல் போகாமல் பார்ப்பது வளரும் பெண்ணுக்கு நல்லது. கடையில் கையில் கொடுத்ததும் 'ஆகா' என்று சொல்லிவிடாமல், வாரை மாட்டி பத்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். பிறகு இடது கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். தலைப்பக்கம் தொப்பென்று கீழே சாய்கிறதா? அப்படிச் சாய்கிற கிடாரை இடது கையாலேயே தாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டிவரும். தோளும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பிக்கும். அது வேண்டாம். வாரும் 3 அங்குல அகலமாவது இருக்கட்டும். கடையில் இலவசமாகத் தரும் ஒல்லி நாடா தோளில் அறுக்கும்.

அடுத்தது நீளம். குதிரையிலிருந்து, கழுத்தின் மேல் முனையில் 'நட்' என்று ஒரு சின்னப் பட்டை இருக்கிறதே, அதுவரைக்கும் தந்தி அதிரும் நீளத்தைத்தான் 'ஸ்கேல்' என்கிறார்கள். சாதாரண பேஸில் இது 34 அங்குலம். 1951-இல் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் தம் பேஸ் கிடாருக்கு வைத்த அளவு. அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து வாசிக்கிற டபுள் பேஸ்தான் எல்லா இடத்திலும்; ரயிலில் ஏற்றுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். ஃபெண்டர் அந்த வேலையைத் தோளில் மாட்டுகிற கிடாருக்குக் கொண்டுவந்து, மெட்டுகளும் வைத்துக் கொடுத்தார். மெட்டு இருந்தால் ஸ்வரம் பிசகாது என்பதால் 'பிரிசிஷன்' என்றே அதற்குப் பெயர். இன்றைக்கும் கடையில் "பி-பேஸ்" என்பார்கள்.

இந்த 34 அங்குலம் எல்லாக் கைக்கும் ஒத்துவராது. 30 அங்குலத்தில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று வருகிறது. ஸ்குவையர் கம்பெனியின் பிராங்கோ அந்த அளவு. ஐபனெஸ் மைக்ரோ இன்னும் குட்டி, 28.6 அங்குலம். இவற்றில் மெட்டுகளுக்கு நடுவில் தூரம் குறைவு, தந்தியும் அழுத்த இளக்கமாக இருக்கும். கனத்த தந்தியின் நாதம் மட்டும் கொஞ்சம் தளர்வாகக் கேட்கும். துவக்கத்துக்கு அது ஒரு குறையே இல்லை. சின்னக் கடைகளில் கைவசம் இருக்காது, முன்கூட்டியே கேட்டு வரவழைக்க வேண்டும்.

எது தன் பெண்ணுக்கு என்று எப்படித் தெரியும்? வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 12 வயதில் நெடுநெடுவென்று இருக்கிற பெண்ணும் உண்டு, 20 வயதில் குட்டிக் கை உள்ளவளும் உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, 34 அங்குல பேஸை மடியில் வையுங்கள். கனத்த இ தந்தியில் முதல் மெட்டுக்கு ஆள்காட்டி விரல், மூன்றாம் மெட்டுக்குச் சுண்டு விரல். மணிக்கட்டு ஒடிந்தாற்போல் மடங்காமல், தோள் தூக்காமல் எட்டினால் பெரியதே வாங்கலாம். முகத்தைச் சுளித்தால் ஷார்ட் ஸ்கேல்தான். கழுத்தின் அகலத்தையும் பாருங்கள். நட் இருக்கிற இடத்தில் சுமார் 38 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒல்லிக் கழுத்தும் உண்டு, 42 வரை போகிற பருமனான கழுத்தும் உண்டு. பெரும்பாலும் சின்னக் கைக்கு ஒல்லிக் கழுத்து சுகம். "வளர்ந்தால் சரியாகிவிடும், பெரிசாகவே எடுத்துக்கோங்க" என்று கடையில் சொல்வார்கள். ஸ்கூல் யூனிஃபார்மா இது, தையல் பிரித்துவிட!

இனி வாத்தியம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டமில்லாத காலை நேரத்தில் கடைக்குப் போங்கள், பெண்ணையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பிறந்தநாளுக்குத் திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்துகிற சாமான் இல்லை இது. கைப்பையில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று, கைபேசியில் ஸ்ருதி பார்க்கிற இலவச 'ட்யூனர்' ஒன்று போதும்.

எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்போமல்லவா? அதே மாதிரி கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள். மெட்டின் முனை குத்தினால் அந்த கிடார் வேண்டாம், அல்லது ராவிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று சொல்லிவிடுங்கள். பிறகு ஆசாரி பலகையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பாரே, அப்படிக் கழுத்தை நீளவாக்கில் பாருங்கள். ஒரே சீராக இம்மியளவு குழிந்திருந்தால் தப்பில்லை. முறுக்கிக்கொண்டிருந்தால் எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ரொம்ப முக்கியம் தந்தியின் உயரம். 12-ஆம் மெட்டில் (அங்கே இரட்டைப் புள்ளி இருக்கும்) மெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். மெல்லிய தந்தியில் 2 மில்லிமீட்டர், கனத்த தந்தியில் இரண்டரை என்ற அளவில் இருந்தால் விரலுக்கு இதம். 4 மில்லிமீட்டர் இருந்தால் அந்தக் குழந்தை என்ன பாடுபடும்! இதில் ஒரு நல்ல சமாசாரம், இதைச் சரிசெய்ய முடியும். குதிரையில் ஒவ்வொரு தந்திக்கும் தனித் திருகு இருக்கிறது, கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பியும் இருக்கிறது. தெரிந்தவர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். 'செட்டப்' என்று இதற்குப் பெயர். பணம் கொடுப்பதற்கு முன்பே, "செட்டப் செய்து கொடுத்தால்தான் வாங்குவோம்" என்று பேசிவிடுங்கள். பணம் கொடுத்தபிறகு கேட்டால், "ஆள் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த அடுத்த வாரம் மூன்று மாதம் ஆயிற்று.

பிறகு பெண்ணை ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். 20-க்கு மேல் மெட்டு, நாலு தந்தி. பத்து நிமிஷம் பிடிக்கும், கடைக்காரர் பொறுமை இழப்பார், நீங்கள் இழக்காதீர்கள். எங்கேயாவது 'கர்ர்ர்' என்று வண்டு மாதிரி இரைகிறதா, எங்கேயாவது சத்தம் செத்துப் போகிறதா என்று கேளுங்கள். அடுத்து, சும்மா மீட்டிய தந்தியின் ஸ்வரமும், அதே தந்தியை 12-ஆம் மெட்டில் அழுத்தி மீட்டினால் வருகிற ஸ்வரமும் ட்யூனரில் ஒரே பெயர் காட்ட வேண்டும். முள்ளும் நடுவில் நிற்க வேண்டும். மேல்ஸ்தாயி ஷட்ஜம் பார்ப்பது மாதிரிதான். கொஞ்சம் தள்ளி நின்றால் அதுவும் செட்டப்பில் சரியாகிவிடும். கடைசியாக மின்சாரத்தில் இணைத்து, திருகுகளை முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும், 'கரகர' என்று இரையக்கூடாது. 'ஆக்டிவ்' என்று 9 வோல்ட் பாட்டரி போடுகிற வகையும் காட்டுவார்கள். பாட்டரி தீர்ந்தால் கிடாரே ஊமை. துவக்கத்துக்குப் பாட்டரி இல்லாத 'பாஸிவ்' வகையே போதும். ஐந்து தந்தி பேஸ் என்று ஆசை காட்டினாலும் இப்போதைக்கு நாலுதான்.

பணத்துக்கு வருவோம். 20,000 கையில் இருந்தால் முழுவதையும் கிடாருக்கே போட்டுவிடாதீர்கள். மின்சார பேஸ் தனியாக வாசித்தால் கொசு முணுமுணுக்கிற மாதிரிதான் கேட்கும். முக்கால் பங்கு கிடாருக்கு, கால் பங்கு மற்றதுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்குவையர் ஆகிய கம்பெனிகள் துவக்கக்காரர்களுக்கென்றே பேஸ் போடுகின்றன. ஸ்குவையர் என்பது ஃபெண்டர் கம்பெனியின் மலிவு விலைப் பெயர். இப்போது சுமார் 15,000-லிருந்து 25,000 வரை விலை சொல்கிறார்கள், மாடலுக்கும் கடைக்கும் தகுந்தபடி ஏறி இறங்கும். இதைவிடக் குறைந்த விலையிலும் கிடைக்கிறது. அதில் நல்லதும் அகப்படும், ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நான் சொன்ன சோதனை எல்லாவற்றையும் இரண்டு பங்கு கவனமாகச் செய்ய வேண்டும். கிடார், ஸ்பீக்கர், பை, வார் எல்லாம் ஒரே பெட்டியில் என்று வருவதில் பெட்டிதான் அழகாக இருக்கும். உள்ளே உள்ள ஸ்பீக்கர் எத்தனை வாட், கிடாரின் கனம் என்ன என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயர் உடனே வேண்டுமென்பதில்லை. கிடாரிலேயே செருகுகிற விரல் நீளச் சாமான் ஒன்று, 'ஹெட்போன் ஆம்ப்' என்று கிடைக்கிறது. ஹெட்போனை அதில் மாட்டிக்கொண்டு வாசித்தால் அவளுக்கு மட்டும் கேட்கும். மாமியார் தூக்கமும் கெடாது, பக்கத்து ஃபிளாட்டிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள். சத்தத்தை மட்டும் கட்டுக்குள் வையுங்கள். அவள் ஹெட்போன் மாட்டியிருக்கும்போது அடுத்த நாற்காலியில் இருக்கும் உங்களுக்கு இரைச்சல் கேட்டால், அது அவள் காதுக்கு அதிகம். பிறகு ஆம்ப் வாங்கும்போது பேஸுக்கென்றே உள்ளதாக 15, 20 வாட்டில் வாங்கினால் வீட்டுக்குத் தாராளம். அண்ணன் பையனின் கிடார் ஆம்பை இரவல் வாங்கி உரக்க வைத்தீர்களானால் பேஸின் அதிர்வு தாங்காமல் அதன் ஸ்பீக்கர் கிழிந்துபோகலாம். அப்புறம் சொந்தத்திலும் விரிசல்.

பழையது வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். காலேஜ் முடித்துவிட்டு வேலைக்குப் போகிற பையன்கள் நல்ல பேஸைப் பாதி விலைக்கும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரோ, சர்ச்சில் வாசிக்கிறவரோ ஒருவர் கூட வர வேண்டும். கழுத்துக்குள்ளிருக்கிற கம்பி திரும்புகிறதா என்று பார்ப்பது நம் வேலையல்ல, அவர் வேலை. வாங்குவதற்கு முன்னால் இரண்டு மாதம் சர்ச்சில் இருக்கிற பேஸிலோ வாத்தியார் வீட்டு பேஸிலோ கற்றுக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அதில் செலவு இல்லை, பெண்ணின் மனசும் தெரிந்துவிடும். "முதலில் சாதாரண கிடார் கற்கட்டும், அப்புறம் பேஸ்" என்று சொல்கிறவர்கள் பேச்சை மட்டும் கேட்க வேண்டாம். வயலின் கற்க ஆசைப்படுகிறவளை முதலில் வீணை கற்றுவிட்டு வா என்போமா? படிப்புச் சான்றிதழ் மாதிரி ஏதாவது இருந்தால்தான் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள் என்றால், ட்ரினிட்டி காலேஜ் லண்டன் நடத்துகிற ராக் அண்ட் பாப் தேர்வுகளில் பேஸுக்கென்று தனியாகவே கிரேடுகள் உண்டு.

வாங்கி வந்த புதிதில் விரல் நுனி எரியும், சிவக்கும். இது எந்தத் தந்தி வாத்தியத்துக்கும் உள்ளதுதான், சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். தினம் கால் மணி நேரமாக இரண்டு வேளை வாசித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வாசிப்பதில் பிரயோஜனமில்லை. கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காமல் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். கை ஈரமாக இருக்கும்போதும், குளித்த உடனேயும் வாசிக்க வேண்டாம், தோல் ஊறியிருக்கும். ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரலில் மரமரப்பு என்றால் அது காய்ப்பில் சேராது. அன்றைக்கே நிறுத்தி, உட்காருகிற விதத்தையும் வாரின் நீளத்தையும் பாருங்கள். சினிமாவில் வருகிற மாதிரி முழங்கால் வரை தொங்கவிட்டு வாசித்தால் மணிக்கட்டு மடங்கத்தான் செய்யும். உட்கார்ந்து வாசிக்கும்போது கிடார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்கும்படி வாரை இறுக்கிக் கொடுங்கள். அப்படியும் வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேஷ்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்து வைத்தால் ரொம்ப நாள் தாங்கும். பேஸ் தந்தி ஒரு செட் கிடார் தந்தியைவிட விலை ஜாஸ்தி, அதனால் இந்த ஐந்து நிமிஷ வேலையைப் பெண்ணிடமே ஒப்படையுங்கள். வெயில் விழுகிற ஜன்னலோரத்திலும், ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்திலும் வைக்கக் கூடாது, கழுத்து வளையும். பைக்குள் போட்டுப் பரண்மேல் ஏற்றவும் வேண்டாம். கூடத்தில் ஒரு ஸ்டாண்டில், கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கட்டும். போகிறபோதும் வருகிறபோதும் எடுத்து இரண்டு மீட்டு மீட்டுவாள்.